57 சீசன், 314 வெற்றி: ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக் அப்படி என்ன செய்துவிட்டார்?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இதுதான்: "அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆரம்ப காலத்தில் ஸ்டாக் என்று ஒருவர் 57 சீசன் தலைமைக் கோச்சாக இருந்திருக்கிறார், 314 ஆட்டம் ஜெயித்திருக்கிறார். அத்தனை வருஷம் ஒருவர் நின்றால் அவ்வளவு வெற்றி தானாகவே வந்து சேராதா? இதில் கொண்டாட என்ன இருக்கிறது?"

நியாயமான சந்தேகம். கணக்கை முழுதாகப் போட்டால் அது இன்னும் வலுக்கும். 314 வெற்றிக்கு எதிரே 199 தோல்வி, 35 சமன். நூற்றுக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளலாம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் பிற்காலக் கோச் நூட் ராக்னி 13 சீசனில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். வெற்றி விகிதத்தில் ராக்னிக்குப் பக்கத்தில்கூட ஸ்டாக் நிற்க முடியாது. ஆனால் அந்த ராக்னியே கால்பந்து மொத்தமும் ஸ்டாக்கிடமிருந்து வந்தது என்கிற மாதிரி பேசினார் என்பார்கள். ஏன் என்றால், ராக்னி செய்த வேலை ஒரு வேலையாக இருந்ததே ஸ்டாக்கால்தான்.

என் பதில் அவ்வளவுதான். கல்லூரிக் கோச் என்கிற பதவியை, சம்பளத்தோடும் நிரந்தரத்தோடும் பேராசிரியர் அந்தஸ்தோடும், முதலில் வாங்கியவர் அவர். அதனால் வந்த நல்லதும் கெட்டதும் அவர் வாழ்க்கையிலேயே தெரிகிறது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓடவேண்டும். எதிரணி கபடியில் பாடி வருகிறவனைப் பிடிப்பதுபோல் மடக்கித் தரையில் சாய்க்கும். சாய்ந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். 1880களில் மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் நகர்ந்தால் போதும், பந்து உங்களிடமே இருக்கும். பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. தலைக்கவசம் கிடையாது. ஐந்து கஜம்தானே என்று எல்லாரும் கோத்துக்கொண்டு ஒரே இடத்தில் முட்டுவார்கள். அதன் விளைவுக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டாக் 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்தார். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி, வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பாதிரியார் ஆகவேண்டும் என்று யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே குளிருக்கு அடுப்புகூட இல்லாத மாடி அறையில் தங்கி, சாப்பாட்டில் காசை மிச்சம் பிடித்து, கடைசியில் சத்துக் குறைவால் படுத்தே விட்டார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முதலில் பேஸ்பால்தான். பந்து வீச்சில் அவரை அடிக்க ஹார்வர்டுக்கும் பிரின்ஸ்டனுக்கும் ஆள் இல்லை. தொழில்முறை அணிகள் பணத்தோடு வந்து கூப்பிட்டன. போகவில்லை. அந்தக் காலத்துத் தொழில்முறை பேஸ்பால் மைதானத்தில் சாராயம் விற்பார்கள், சூதாட்டம் நடக்கும். அது நமக்கு வேண்டாம் என்றுவிட்டார். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கால்பந்தில் அவர் 'எண்டு', அதாவது வரிசையின் ஓரத்தில் நிற்பவர். ஆள் குள்ளம், எடையும் குறைவு. ஆனால் 1888 யேல் அணியில் அவர் இருந்தார். அந்த அணி 13 ஆட்டம் ஆடி 698 புள்ளி எடுத்தது, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். ஏதோ அச்சுப்பிழை என்று நினைப்பீர்கள், பிழை இல்லை. அடுத்த வருஷம் நாட்டின் சிறந்த பதினொரு பேர் என்று முதன்முதலாக வெளியான 'ஆல்-அமெரிக்கா' பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அந்த 1888 அணிக்குக் கோச் யார் என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்வார்கள்: வால்டர் கேம்ப், அவர் மனைவி ஆலிஸ். வால்டர் கேம்ப் பகல் முழுக்க ஒரு கடிகாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். மாலைப் பயிற்சிக்கு வர நேரம் கிடைக்காது. ஆலிஸ் மைதானத்துக்குப் போய் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வருவார். இரவில் கேம்ப் வீட்டில் கேப்டனும் முக்கிய ஆட்டக்காரர்களும் கூடி அதை வைத்துப் பேசுவார்கள். அமெரிக்கக் கால்பந்தின் தந்தை என்று சொல்லப்படுகிறவரே அந்த வேலையைப் பொழுதுபோக்காகத்தான் செய்தார். சம்பளம் இல்லை. அணி மாணவர்களுடையது, கேப்டன் வைத்ததுதான் சட்டம். ஸ்டாக் உள்ளே நுழைந்த உலகம் இப்படி இருந்தது.

பாதிரியார் ஆகும் எண்ணம் நடுவில் போய்விட்டது. மேடையில் நின்று நான்கு பேர் மனதைத் தொடுகிற மாதிரி பேச வரவில்லை என்பது அவருக்கே தெரிந்துபோயிற்று. பிரசங்க மேடை இல்லாவிட்டால் விளையாட்டு மைதானம் என்று முடிவு செய்து, 1890இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் பயிற்சி பெற்றதும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். நம்மூர்ப் பி.டி. வாத்தியார் பரம்பரைக்கு அந்தப் பள்ளியோடு நேரடி உறவு உண்டு.

அங்கே ஸ்டாக் ஒரு கால்பந்து அணி கட்டினார். ஆள் பஞ்சம், உருவமும் சிறிது, இருந்தும் பெரிய கல்லூரிகளோடு மோதினார்கள். நடு வரிசையில் கனடாக்காரர் ஒருவர் நின்றார். பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆம், 1891 டிசம்பரில் சுவரில் பழக்கூடை மாட்டி பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித்.

1892 மார்ச்சில் அந்தப் புது ஆட்டத்தை முதன்முதலாக ஊரைக் கூட்டி ஆடிக் காட்டினார்கள். ஆசிரியர்கள் ஒரு பக்கம், மாணவர்கள் ஒரு பக்கம். சுமார் 200 பேர் பார்த்தார்கள். மாணவர்கள் 5-1 என்று ஜெயித்தார்கள். ஆசிரியர் அணியின் அந்த ஒரே கூடை ஸ்டாக் போட்டது. யேலின் நீல உடுப்பில் வந்திருந்தவர், கால்பந்துப் பழக்கம் விடாமல் ஆளை இடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தார், ஃபவுல் மேல் ஃபவுல் வாங்கினார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. பின்னாளில் பாஸ்கெட்பாலின் கௌரவ மண்டபத்துக்கும் அவர் பெயர் போனது என்றால், இடித்ததற்காக அல்ல. 1896 ஜனவரியில் சிகாகோவுக்கும் அயோவாவுக்கும் நடந்த ஆட்டத்தை அணிக்கு ஐந்து பேர் என்று ஆடவைத்தவர்களில் அவர் ஒருவர். இன்றைக்கும் ஐந்துதான்.

இனி சிகாகோ. கதையின் மையம் இதுதான்.

ஜான் டி. ராக்ஃபெல்லரின் பணத்தில் சிகாகோவில் ஒரு புதுப் பல்கலைக்கழகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்குக்கு வேதாகமப் பாடம் எடுத்தவர். நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் ஸ்டாக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கள் உடற்கல்வித் துறையை நீ நடத்த வேண்டும், வருஷத்துக்கு 1,500 டாலர் என்றார். ஸ்டாக் பேசவில்லை. ஹார்ப்பர் 2,000 என்றார். அப்போதும் பேச்சில்லை. சரி, 2,500 டாலர், இணைப் பேராசிரியர் பதவி, அதாவது ஆயுள் முழுக்க வேலை என்றார். ஸ்டாக் பின்னாளில் சொன்ன கணக்குப்படி அவர் பேரம் பேசவே இல்லை. திடீரென்று இப்படி ஒரு யோசனை வந்ததில் திகைத்துப்போய் வாயடைத்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வெட்கத்தில் பேசாமல் இருக்க, பெண் வீட்டார் சீரை ஏற்றிக்கொண்டே போன கதைதான்.

ஆனால் ஹார்ப்பர் அள்ளிக் கொடுக்கும் அப்பாவி இல்லை. புதுப் பல்கலைக்கழகத்துக்குப் பழம்பெருமை கிடையாது, முன்னாள் மாணவர்களும் கிடையாது. நாளிதழில் பெயர் வரவேண்டும், பணக்காரர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குச் சனிக்கிழமை ஆட்டம்போல் ஒரு விளம்பரம் வேறு எது? 1892 அக்டோபர் 1 அன்று பல்கலைக்கழகம் திறந்தது. அன்றைக்கே ஸ்டாக் பயிற்சியைத் தொடங்கிவிட்டார், வந்தது 13 பேர். ஆள் போதாமல் 30 வயதுப் பேராசிரியர் தானே களத்தில் இறங்கி ஆடினார். முதலில் கிடைத்த எதிரணிகளில் பக்கத்து உயர்நிலைப் பள்ளியும் உண்டு.

அடுத்த வருஷம் அந்த வளாகத்தின் வாசலிலேயே உலகக் கண்காட்சி நடந்தது. 'மிட்வே' என்ற நீண்ட புல்வெளியில் ராட்டினமும் கடைகளுமாய்க் கூட்டம். அதே கண்காட்சியை ஒட்டி, சில மைல் வடக்கே, மதராஸ் நண்பர்கள் திரட்டிய பணத்தில் போயிருந்த விவேகானந்தர் சர்வமத சபையில் பேசினார். நமக்கு 1893 சிகாகோ என்றால் அது ஒன்றுதான் நினைவுக்கு வரும். அதே செப்டம்பரில் இந்தப் பக்கம் ஸ்டாக் இரண்டாவது சீசனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டாக்கின் துறைக்குத் தனி வரவு செலவு. டிக்கெட் வசூல் அவர் கையில், கேள்வி கேட்டால் ஹார்ப்பர் மட்டும்தான் கேட்கலாம். கால்பந்து, பேஸ்பால், தடகளம் எல்லாவற்றுக்கும் அவரே கோச். 1894இல் ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். ஆலிஸ் கேம்ப் யேலில் செய்ததை ஸ்டெல்லா சிகாகோவில் செய்தார். ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் தாளில் வரைந்து குறிப்பார், எதிரணி ஆட்டத்தைப் போய்ப் பார்த்து வருவார். கோச்சின் உதவியாளர் என்று இன்று இருக்கிற பெரிய பட்டாளத்தின் வேலையைச் சம்பளமில்லாமல் ஒரு பெண்மணி பல வருஷம் செய்திருக்கிறார்.

ஸ்டாக் கண்டுபிடித்தது என்று நீளமான பட்டியல் ஒன்று சுற்றுகிறது. அதில் பாதியை நான் நம்ப மாட்டேன். ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடிக் குசுகுசுவென்று திட்டம் போடும் 'ஹடிள்' அவருடையது என்பார்கள். காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரி அணி, சைகையை எதிரணி பார்த்துவிடக் கூடாதென்று 1890களில் அப்படிக் கூடியதாக இன்னொரு கதை உண்டு. இந்த மாதிரி விஷயங்களில் ஒரே நேரத்தில் பல ஊரில் பல பேர் ஒன்றையே யோசித்திருப்பார்கள். ஆனால் மடக்கிப் பிடிக்கப் பழக ஒரு பொம்மை வேண்டும் என்று மெத்தையைச் சுருட்டித் தொங்கவிட்டது அவர்தான் என்பதில் பெரிதாகத் தகராறு இல்லை. யேலில் இருக்கும்போதே செய்தது. அதற்கு முன் மடக்கிப் பழக வேண்டுமென்றால் சக ஆட்டக்காரனைத்தான் சாய்க்கவேண்டும், சனிக்கிழமைக்குள் பாதி அணி நொண்டும். பந்து கைக்கு வரும் முன்பே ஓர் ஆள் பக்கவாட்டில் ஓடத் தொடங்குவது, எதிர்த்திசைக்குப் பந்தைக் கைமாற்றி ஏமாற்றுவது, நகர்வுகளை வரைபடமாகப் போட்டு வகுப்பறையில் பாடம் எடுப்பது போன்றவற்றை அவர் முறையாக வளர்த்தார். 1893இலேயே ஹென்றி வில்லியம்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து படம் போட்ட ஆட்ட நூல் ஒன்றும் எழுதினார். அதுவரை கேப்டனின் தலைக்குள் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவந்ததுதான் இதில் முக்கியம். தாளில் இருப்பதை யாரும் எடுத்துப் போகலாம் அல்லவா?

எடுத்தும் போனார்கள். அவரிடம் சிகாகோவில் ஆடிய ஜெஸ்ஸி ஹார்ப்பர் நோட்ர டேமுக்குக் கோச்சாகப் போனார். அந்த ஹார்ப்பரின் அணியில் ஆடி, அவருக்குப் பிறகு 1918இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் ராக்னி.

1905க்கு வருவோம். அந்த ஒரு வருஷத்தைப் பார்த்தால் போதும், ஸ்டாக்கின் இரண்டு முகமும் தெரியும்.

மிச்சிகனில் ஃபீல்டிங் யோஸ்ட் கோச். 1901இலிருந்து 56 ஆட்டம் தோற்கவே இல்லை. 1905 சீசனில் மட்டும் 12 ஆட்டத்தில் 495 புள்ளி எடுத்து, ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு புள்ளி என்று அந்த அணிக்குப் பட்டப்பெயரே உண்டு. நவம்பர் 30, நன்றி நவிலல் நாள். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு மைதானத்தில் 25,000க்கும் மேல் கூட்டம், எலும்பை உறைய வைக்கும் குளிர். பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பர் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தார், ஆறு வாரத்தில் இறந்தும் போனார்.

சிகாகோவின் துருப்புச் சீட்டு வால்டர் எக்கர்சால். ஒல்லியான பையன், ஆனால் பந்தை உதைத்தால் அது இறங்க நேரமாகும். ஸ்டாக்கின் திட்டம் எளிமையானது: ஓடி ஜெயிக்க முயல வேண்டாம், உதைத்து உதைத்து மிச்சிகனை அவர்கள் மூலையிலேயே நிறுத்திவை. இரண்டு பக்கமும் உதைத்துக்கொண்டே போனார்கள். புள்ளி விழவில்லை. இரண்டாம் பாதியில் எக்கர்சால் உதைத்த ஒரு நீளமான பந்து மிச்சிகனின் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் இறங்கியது. டென்னி கிளார்க் அதைப் பிடித்தார். அங்கேயே மண்டியிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் ஓடி வெளியே வரப் பார்த்தார். கோட்டைத் தாண்டி வந்தவரைச் சிகாகோவின் கேட்லின் மோதி, பின்னுக்குத் தள்ளி, எல்லைக்குள் சாய்த்தார். 'சேஃப்டி', இரண்டு புள்ளி. 2-0. ஆட்டம் அதோடு முடிந்தது, 56 ஆட்டத் தொடரும் முடிந்தது.

கிளார்க்கைப் பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. அந்த ஒரு ஓட்டம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. 1932இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோதும் செய்திகள் அந்த ஆட்டத்தைத்தான் முதலில் சொல்லின. கல்லூரி விளையாட்டு வெறும் விளையாட்டாக இருந்த காலம் 1905லேயே போய்விட்டது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. கோத்துக்கொண்டு முட்டும் ஆட்டத்தில் நாடெங்கும் இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபரில் யேல், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆட்டத்தையே தடை செய்யலாமா என்ற பேச்சு எழுந்தது. 1906க்கு விதிகள் மாறின. மூன்று முயற்சியில் ஐந்து கஜம் என்பது பத்து கஜம் ஆயிற்று. பத்து கஜத்தை முட்டி முட்டி எடுக்க முடியாது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற அனுமதியும் வந்தது. விதிக் குழுவில் 1904இலிருந்தே ஸ்டாக் இருந்தார். புது விதியை உடனே பிடித்துக்கொண்ட கோச்சுகளிலும் அவர் ஒருவர். அந்த முதல் வருஷத்திலேயே தன்னிடம் 64 வகை எறிதல் திட்டம் இருந்ததென்று பின்னாளில் சொல்லிக்கொள்வார். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். வயதானவர்கள் சொல்வதுதான்.

இப்போது மறுபக்கம். பணத்துக்கு ஆட மாட்டேன் என்று பேஸ்பாலை உதறியவர் என்று சொன்னேன் அல்லவா? அதே மனிதர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பெரிய தடகளப் போட்டிகள் நடத்தி, அதன் வழியாக நல்ல ஆட்டக்காரர்களை வளாகத்துக்கு இழுத்தார். எக்கர்சால் மூன்று வருஷம் ஆல்-அமெரிக்கா, ஆனால் பட்டம் வாங்காமலே வெளியேறினார். வகுப்பில் அவர் தேர்ச்சி எப்படி என்பது பெரிய ரகசியம் இல்லை. 1905இலேயே ஒரு பத்திரிகைத் தொடர் சிகாகோ உள்ளிட்ட மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் ஆள்பிடிக்கும் வேலையைப் போட்டு உடைத்தது. ஸ்டாக் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். கோபம் வந்தால் அதிகபட்சம் 'கழுதை' என்பார், கோபம் தலைக்கேறினால் 'இரட்டைக் கழுதை'. அவர் சட்டைப்பையில் ஒரு காசும் போகவில்லை. ஆனால் பல்கலைக்கழகப் பெயரும் பணமும் சனிக்கிழமை ஆட்டத்தில் தொங்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியவர்களில் அவர் முன்னோடி. தனிமனித நேர்மையும் அமைப்பின் நேர்மையும் வேறு வேறு. ஸ்டாக்குக்கு இது கடைசிவரை உறைத்ததாகத் தெரியவில்லை. 1923இல் தொழில்முறைக் கால்பந்தைக் கண்டித்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார், கல்லூரி ஆட்டம் தூய்மையானது, அது கெட்டுவிடும் என்று.

நடுவில் உள்ள வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பெரிய மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில், இன்று 'பிக் டென்' என்று சொல்வதில், ஏழு முறை பட்டம்: 1899, 1905, 1907, 1908, 1913, 1922, 1924. 1913இலிருந்து மார்ஷல் ஃபீல்டு மைதானத்துக்கே ஸ்டாக் ஃபீல்டு என்று பெயர். 1924இல் ரெட் கிரேஞ்ச் என்ற நட்சத்திர ஓட்டக்காரரை வைத்துக்கொண்டு வந்த இல்லினாய் அணியை 21-21 என்று தடுத்தது அவருடைய கடைசிப் பெரிய நாள்களில் ஒன்று. அதற்குப் பிறகு சரிவுதான். மிச்சிகன், ஓஹியோ, இல்லினாய் எல்லாம் பிரம்மாண்ட மைதானம் கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மாணவர்களில் ஆள் பொறுக்கின. சிகாகோவில் இளங்கலை மாணவர்கள் குறைவு, பாடமும் கடினம். அவர் கற்றுக்கொடுத்த வித்தையை மற்றவர்கள் பெரிய முதலீட்டோடு செய்தார்கள், அவ்வளவே.

1929இல் 30 வயது ராபர்ட் ஹட்சின்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார். அவருக்குக் கால்பந்து என்றால் படிப்புக்கு இடைஞ்சல். 70 வயதில் ஓய்வு என்ற விதி இருந்தது, ஸ்டாக்குக்கு 1932இல் எழுபது. ஹார்ப்பர் சொன்ன 'ஆயுள் முழுக்க' அத்தோடு தீர்ந்தது. கௌரவப் பதவி ஒன்று தருகிறோம் என்றார்கள். வேண்டாம், எனக்குக் கோச் வேலைதான் வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

ஹட்சின்ஸை இதற்காகத் திட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை, அதற்குக் கொஞ்சம் சொந்தக் காரணமும் இருக்கிறது. நம் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்தார். நிறத்தைக் காரணம் காட்டி அவர் வளாகத்தில் பாடம் எடுக்கக் கூடாதென்று ஒரு டீன் முட்டுக்கட்டை போட்டபோது, தாராளமாக எடுக்கட்டும் என்று சொன்னவர் இதே ஹட்சின்ஸ்.

ஸ்டாக் 1933இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனுக்குப் போய், காலேஜ் ஆஃப் த பசிஃபிக் என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார். 14 சீசன். வெற்றியைவிடத் தோல்வி அதிகம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இது முக்கியம்: மொத்த விகிதம் அறுபதுக்கு இறங்கியது இந்தக் காலத்தால்தான். சிகாகோ வருஷங்களை மட்டும் எடுத்தால் கணக்கு கணிசமாக மேலே போகும். பெயரைக் காப்பாற்ற நினைத்த ஆளாக இருந்தால் 1932லேயே மாலை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

1938இல் அந்தச் சின்னக் கல்லூரியைக் கூட்டிக்கொண்டு சிகாகோவுக்கு வந்தார். தன் பெயர் தாங்கிய மைதானத்தில், எதிரணிக் கோச்சாக. 32-0 என்று ஜெயித்தார். அடுத்த வருஷம் மிச்சிகன் சிகாகோவை 85-0 என்று நசுக்கியது, அந்த டிசம்பரிலேயே ஹட்சின்ஸ் கால்பந்தை மூடிவிட்டார்.

காலியான ஸ்டாக் ஃபீல்டில் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே சுவரில் பந்தடித்து ஆடும் பழைய மட்டை விளையாட்டுக் கூடம் ஒன்று இருந்தது. 1942 டிசம்பர் 2 மதியம், அங்கே அடுக்கிவைத்த கிராஃபைட் கட்டைகளுக்கும் யுரேனியத்துக்கும் நடுவில் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நடத்தியது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா என்று யோசிப்பேன். அணு வரலாற்றுப் புத்தகங்களில் 'ஸ்டாக் ஃபீல்டு' என்று வரும்போது அது யார் பெயர் என்று பெரும்பாலோர் தேடுவதில்லை.

அதற்கு அடுத்த வருஷம், 81 வயதில், போர்க்காலக் கடற்படைப் பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர்கள் கையில் கிடைக்க, பசிஃபிக் அணி ஏழு ஆட்டம் ஜெயித்தது. சக கோச்சுகள் சேர்ந்து அவரை ஆண்டின் சிறந்த கோச் என்று தேர்ந்தெடுத்தார்கள். 1946 முடிவில் அங்கேயும் அதே கதை: இளையவருக்கு வழிவிடுங்கள், ஆலோசகராக இருங்கள் என்றார்கள். மறுபடியும் வேண்டாம் என்றார், 84 வயதில். பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் மகன் ஆமோஸ் ஜூனியர் கோச்சாக இருந்தார். அங்கே போய் மகனோடு சேர்ந்து 1952 வரை அணியைப் பார்த்துக்கொண்டார். ஸ்டெல்லாவுக்கு உடம்பு முடியாமல் போகவே ஸ்டாக்டனுக்குத் திரும்பினார். அங்கே ஒரு ஜூனியர் கல்லூரியில் உதைப்பவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் வேலை. தொண்ணூறு வயதைத் தாண்டித்தான் அதையும் விட்டார். 1964இல் ஸ்டெல்லா போனார். 1965 மார்ச் 17 அன்று, 102 வயதில், அவரும்.

1951இல் கல்லூரிக் கால்பந்து கௌரவ மண்டபத்தின் முதல் பட்டியலில் ஆட்டக்காரர், கோச் என்று இரண்டு தகுதியிலும் இடம் பெற்றவர் அவர். 314 என்ற எண்ணை அலபாமா பல்கலைக்கழகக் கோச் 'பேர்' பிரையன்ட் தாண்ட 1981 ஆயிற்று. ஆகவே, 'அத்தனை வருஷம் நின்றால் யாருக்கும் வரும்' என்பதற்கு என் பதில்: சரி, ஆனால் அப்படி நிற்க ஓர் இடம் வேண்டும். 1892க்கு முன் அப்படி ஓர் இடமே இல்லை.

இன்று அவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. கோடிக்கணக்கில் தொலைக்காட்சிப் பணம் புரளும் பிக் டென் கூட்டமைப்பின் கால்பந்துச் சாம்பியன் கோப்பையில் ஒன்று. 2011இல் அதற்கு ஸ்டாக், பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் ஜோ பட்டர்னோ என்று இரண்டு பேர் பெயரையும் வைத்தார்கள், பட்டர்னோவின் முன்னாள் உதவிக் கோச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த விவகாரம் வெடித்ததும் அதே வருஷம் பட்டர்னோ பெயரை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் இறுதிப் போட்டி, 'ஸ்டாக் போல்'. சிகாகோ பல்கலைக்கழகம் 1969இல் மறுபடி கால்பந்தைத் தொடங்கியது. இப்போது ஆடுவது அந்த மூன்றாம் பிரிவில்தான்.